விமான நிலையக் கடைக்கு ஏசிடிபிஇ சான்றிதழ்: கேட்டவையும் பதில்களும்

அமெரிக்க விமான நிலையங்களில் உணவகம், காபிக் கடை, பரிசுப்பொருள் கடை போன்றவை நடத்த விரும்பும் சிறு தொழில்களுக்கு, உரிமையாளர் பின்தங்கிய நிலையில் இருப்பவர் என்று மாநில அமைப்பு ஆராய்ந்து தருவதுதான் ஏசிடிபிஇ (ACDBE, விமான நிலையக் கடை நடத்தும் பின்தங்கியோர் தொழில் நிறுவனம்) சான்றிதழ். போக்குவரத்துத் துறையின் விதித்தொகுப்பில் பகுதி 23 இதற்கானது. உரிமை, கட்டுப்பாடு பற்றிய பெரும்பாலான விதிகள் பகுதி 26-இல் இருக்கின்றன. உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஹூஸ்டனிலிருந்து: இந்தியர் என்றாலே சான்றிதழ் கிடைத்துவிடும் என்கிறார்களே அண்ணா, உண்மையா?

இப்போது இல்லை. முன்பு இந்தியா, இலங்கை உள்ளிட்ட துணைக்கண்டத்து வம்சாவளியினரைப் பின்தங்கியவர் என்று விதியே அனுமானித்துக்கொண்டது. 2025 அக்டோபர் 3 அன்று நடைமுறைக்கு வந்த இடைக்கால விதி, இனம், பாலினம் சார்ந்த அந்த அனுமானத்தை எடுத்துவிட்டது. இன்று யாராக இருந்தாலும் தனக்கு நேர்ந்த தடைகளைத் தன்விளக்கக் கடிதம் ஒன்றில் எழுதித் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கும் மறு ஆய்வு உண்டு. ஒரு மாநிலத்தில் அந்த மறு ஆய்வு முடியும்வரை அங்குள்ள விமான நிலையங்கள் ஏசிடிபிஇ நிறுவனங்களின் பங்கேற்பைத் தங்கள் பங்கேற்பு இலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. பழைய கட்டுரைகளையும் 2025 அக்டோபருக்கு முந்தைய யூடியூப் விளக்கங்களையும் நம்பி விண்ணப்பம் போடாதீர்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: அந்தத் தன்விளக்கக் கடிதத்தில் என்னதான் எழுதுவது?

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். கல்வி, வேலை, தொழில் என எதில் தடை ஏற்பட்டது, எப்போது, அதனால் எவ்வளவு பண இழப்பு, உங்களைப் போன்ற தகுதியுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு பின்னால் இருக்கிறீர்கள் என்பதைக் கேட்கிறார்கள். இனத்தையோ பாலினத்தையோ காரணமாகக் காட்டக்கூடாது.

"புதிதாக வந்தவன் என்பதால் வங்கிகள் என்னை மதிக்கவில்லை" என்று எழுதினால் அது வெறும் புலம்பல். "2021 மார்ச்சில் 1,50,000 டாலர் உபகரணக் கடன் கேட்டேன், மறுப்புக் கடிதம் இணைப்பு 3. பிறகு வேறொரு நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கினேன். ஒப்பந்தம் இணைப்பு 4. வட்டி வித்தியாசம் மூன்று ஆண்டில் இவ்வளவு. அதனால் இரண்டாவது கடையின் குத்தகை கைவிட்டுப் போனது, உரிமையாளரின் மின்னஞ்சல் இணைப்பு 5" என்று எழுதினால் அது சான்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கட்டும். மறுப்புக் கடிதம் தொலைந்திருந்தால் வங்கியிடம் இன்னொரு பிரதி கேளுங்கள். ஆதாரம் உள்ள மூன்று சம்பவங்கள் போதும். ஆதாரமில்லாத பத்து சம்பவங்களை அடுக்கினால் இருக்கிற நல்ல சம்பவமும் நீர்த்துப்போகும்.

டல்லாஸிலிருந்து: சென்னையில் ஒரு பிளாட், ஊரில் கொஞ்சம் நிலம், இங்கே வீடு, 401கே ஓய்வூதியக் கணக்கு. சொத்து வரம்பில் எதெல்லாம் சேரும் சார்?

2024 விதிப்படி தனிநபர் நிகர சொத்து வரம்பு 20,47,000 டாலர். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கு, விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் உங்கள் பங்கு, ஓய்வூதியக் கணக்குகள் ஆகியவை கணக்கில் வராது. சென்னை பிளாட், ஊர் நிலம், வாடகைக்கு விட்ட வீடு, பங்குகள், வேறு நிறுவனங்களில் உள்ள பங்கு எல்லாம் வரும். அயல்நாட்டுச் சொத்து என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விண்ணப்பத்தில் இல்லாத நிலம் வரிப் படிவத்தில் தலைகாட்டினால் அதன்பின் உங்கள் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள். தம்பி பெயருக்கு மாற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள்: விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் குடும்பத்தாருக்கு மாற்றியதை உங்கள் சொத்தாகவே எண்ணுவார்கள். டெக்சாஸ் தம்பதியர் பொதுச்சொத்துச் சட்டமுள்ள மாநிலம். திருமணத்துக்குப் பின் சேர்த்ததில் யார் பங்கு எது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

முடியாது. குடிமகனோ பச்சை அட்டை பெற்றவரோ மட்டும்தான்.

சிகாகோவிலிருந்து: மனைவி பெயரில் 51 சதவீதம் வைத்து விண்ணப்பித்தால் போதுமா அண்ணா? சமையலறையைப் பார்ப்பது நான்.

சதவீதம் முதல் படி மட்டும்தான். விண்ணப்பங்கள் பெரும்பாலும் கவிழ்வது கட்டுப்பாட்டில். உங்கள் எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "முக்கிய முடிவுகளுக்கு எல்லா உறுப்பினரும் சம்மதிக்க வேண்டும்" என்றோ, நீங்கள் இருவரும் இல்லாமல் கூட்டம் செல்லாது என்றோ ஒரு வரி இருந்தால், 49 சதவீதக்காரரான உங்களிடம் தடுப்பதிகாரம் இருக்கிறது என்று பொருள். அது போதும் மறுக்க.

அடுத்தது நேர்காணல். உணவுச் செலவு எத்தனை சதவீதம், வாரத்துக்கு எத்தனை பேர் வேலை, எந்தச் சப்ளையரிடம் என்ன கடன் கெடு என்றெல்லாம் உங்கள் மனைவியிடம்தான் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் உங்கள் முகத்தைப் பார்த்தால் கதை முடிந்தது. எல்லா வேலையும் அவரே செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சமைக்கலாம், கணக்கரை வைக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைச் சீர்தூக்கி முடிவெடுக்கும் அறிவும், உங்களை வேலையைவிட்டு நீக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். அவர் வேறு எங்காவது முழுநேர வேலையில் இருந்தால் கடையை எப்போது நடத்துகிறார் என்ற கேள்வி நிச்சயம் வரும். முதலீட்டுப் பணம் அவர் கணக்கிலிருந்து போனதற்குக் காசோலையோ வங்கி அறிக்கையோ வேண்டும். "உழைப்பைப் போட்டார்" என்பது முதலீடாகாது.

எந்தத் தொழில் குறியீட்டில் விண்ணப்பிப்பது? விற்பனை வரம்பு என்ன?

உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் 722511, கவுன்டர் உணவகம் 722513, காபி, சிற்றுண்டிக் கடை 722515. நாளை தேவைப்படலாம் என்று எல்லாவற்றையும் கேட்காதீர்கள். செய்யும் திறன் இருப்பதாகக் காட்டக்கூடியதை மட்டும் கேளுங்கள். ஆண்டு மொத்த வருவாயின் சராசரி 5.642 கோடி டாலருக்குள் இருக்க வேண்டும். வாடகைக் கார், வங்கி போன்றவற்றுக்குத் தனி வரம்பு. விமானங்களுக்கு உணவு கட்டும் சமையற்கூடம் இதில் சேராது.

இரண்டு மூன்று மாநிலங்களில் முயல்கிறேன். ஒவ்வொன்றிலும் முதலிலிருந்தா?

இல்லை. சொந்த மாநிலத்தில் ஒருமுறை. பிறகு மற்ற மாநிலங்களுக்கு முகப்புக் கடிதம், சொந்த மாநிலப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் நகல், தகுதி உறுதிமொழி ஆகிய மூன்றும் போதும். ஆண்டுதோறும் அந்த உறுதிமொழியையும் வரி ஆவணங்களையும் புதுப்பித்துத் தர வேண்டும். பங்குதாரர் மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து: பெரிய நிறுவனம் ஒன்று 30 சதவீதம் தருகிறேன், கூட்டு சேரலாம் என்கிறது. சேரலாமா?

சேரலாம்; கூட்டு முயற்சியில் நீங்கள் 51 சதவீதம் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதலீடு, பொறுப்பு, நட்டம், லாபம் நான்கும் உங்கள் பங்குக்கு ஏற்ப இருக்க வேண்டும். எந்தக் கடை, எந்த வேலை உங்களுடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். லாபம் பிரிக்கும் முன்பே பெரிய நிறுவனம் 'மேலாண்மைக் கட்டணம்' எடுத்துக்கொள்கிறதா? எடுத்தால் 30 சதவீதமாக உங்களுக்கு வருவது எஞ்சிய துளிதான். கூடுதல் முதலீடு கேட்கும்போது கட்ட முடியாவிட்டால் உங்கள் பங்கு சுருங்குமா? உங்கள் முதலீட்டையும் அந்த நிறுவனமே கடனாகத் தருகிறதா? கடைசியது இருந்தால் விமான நிலைய அதிகாரிகள் உங்கள் பங்கை உண்மையானதென்று ஏற்கத் தயங்குவார்கள்.

சான்றிதழ் வந்தால் கடை கிடைக்குமா?

கிடைக்காது. தனியாகப் போட்டி முன்மொழிவு கொடுத்து வெல்ல வேண்டும். அங்கே விமான நிலையத்துக்குக் கட்டும் குறைந்தபட்ச ஆண்டு உத்தரவாதத் தொகைதான் சிறியவர்களைச் சாய்க்கிறது. ஒரு கணக்கு: உத்தரவாதம் 1,80,000 டாலர் அல்லது விற்பனையில் 12 சதவீதம், எது அதிகமோ அது. விற்பனை 12 லட்சம் என்றால் 12 சதவீதம் 1,44,000. கட்ட வேண்டியதோ 1,80,000, அதாவது 15 சதவீதம். விமானம் ஏறும் வாயில் (கேட்) மாறியதால் பயணிகள் குறைந்தால் என்ன சலுகை என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

கட்டுமானமும் விமான நிலையத்துக்கு வெளியே ஆவதைவிட அதிகச் செலவு பிடிக்கும். வேலை பெரும்பாலும் இரவில், தொழிலாளிக்குப் பாதுகாப்பு அட்டை, பொருள் கொண்டுவரத் தனிச் சோதனை. சோதனைச் சாவடிக்கு அப்பாலுள்ள சமையலறைகள் பலவற்றில் கத்தியைக் கம்பியால் மேடையோடு கட்டி, ஷிப்டு முடிவில் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். ஆள் வேலையை விட்டுப் போனால் புதியவருக்குக் கைரேகை, பின்புலச் சோதனை முடிந்து அட்டை வரும்வரை கவுன்டர் குறையாளோடுதான் ஓடும். அந்த இடைவெளிக்கான கூலிச் செலவை முன்மொழிவிலேயே போட்டுவிடுங்கள்.

மறுத்துவிட்டார்கள். இனி?

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். 45 நாளுக்குள் போக்குவரத்துத் துறையின் சிவில் உரிமைகள் பிரிவுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கே பார்ப்பது நீங்கள் முன்பு கொடுத்த கோப்பைத்தான். புதிய ஆவணம் அதில் ஏறாது. கோப்பு பலவீனம் என்றால் மேல்முறையீட்டைவிட, மறு விண்ணப்பத்துக்கான காத்திருப்புக் காலத்தில், அது 12 மாதம் வரை போகலாம், ஒப்பந்தத்தையும் ஆதாரங்களையும் சரிசெய்துகொண்டு புதிதாகப் போடுவதே மேல்.