மஞ்சள் வீட்டில் ஒன்பது வாரம்: வான்கோ, கோகன் பற்றி நீங்கள் கேட்டவை

போன ஞாயிறு கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு நாற்காலிப் படங்களைக் காட்டினேன். ஒன்று வின்சென்ட் வான்கோ தன் நாற்காலியை வரைந்தது, மற்றது அவரே நண்பர் பால் கோகனின் நாற்காலியை வரைந்தது. இருவரும் ஓவியர்கள், 1888 கடைசியில் பிரான்சில் ஒரு மஞ்சள் வீட்டில் ஒன்பது வாரம் சேர்ந்து இருந்தவர்கள். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்டீர்கள். இருட்டிவிட்டதால் பாதியில் எழுந்துவிட்டோம். அப்புறம் எழுதி அனுப்பியவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: சார், வான்கோவின் காதை அறுத்தது கோகன்தான் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே?

தம்பி, 2009இல் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் அப்படி எழுதினார்கள். கோகன் வாள்பயிற்சி உள்ளவர், சண்டையில் அவர் வாள் பட்டது, இருவரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேரடிச் சான்று ஒன்றும் கிடையாது. 1888 டிசம்பர் 23 இரவு வான்கோ சவரக் கத்தியால் தன் காதைத் தானே அறுத்துக்கொண்டார் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்பது. வைத்தியம் பார்த்த டாக்டர் பெலிக்ஸ் ரே பின்னாளில் வரைந்து கொடுத்த படம் 2016இல் வெளியே வந்தது. மடலின் அடியில் சிறு துண்டு தவிர முழுக் காதும் போயிருக்கிறது.

கோகனை நான் முழுக்க விட்டுவிடவும் மாட்டேன். நடந்து சில நாளில் நண்பர் எமில் பெர்னாரிடம் அவர் சொன்ன கதையில், வான்கோ கத்தியோடு தன் பின்னால் வந்த பேச்சே இல்லை. சுமார் 15 வருடம் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பில்தான் அந்தக் கத்தி வருகிறது. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

தேவகோட்டை, ஓர் ஆச்சி: ரெண்டு ஆம்பிளைகள் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணினார்கள்? யார் சமைத்தது, செலவு யாருடையது?

ஆச்சி, எல்லாரும் காதைக் கேட்கிறார்கள், நீங்கள்தான் அடுப்பைக் கேட்டிருக்கிறீர்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

வீடு தென்பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில். 1888 மே மாதம் வான்கோ வாடகைக்கு எடுத்தார், மாதம் 15 பிராங்க். வெளிச்சுவரெல்லாம் மஞ்சள். ஓவியர்கள் கூடி வாழும் இடமாக அதை ஆக்க வேண்டும் என்று பெரிய ஆசை, ஆள் வருமுன்பே பன்னிரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார். கோகன் அறையில் மாட்டத்தான் அந்தச் சூரியகாந்திப் படங்களை ஆகஸ்டில் வரைந்தார். விருந்தாளிக்காக மனுஷன் எவ்வளவு ஏங்கியிருந்தால் அப்படி வரைவார்!

கோகன் வந்தது அக்டோபர் 23. அவருக்கு வயது 40, வான்கோவுக்கு 35. முன்னால் கப்பலிலும் அப்புறம் பங்குச்சந்தையிலும் வேலை பார்த்தவர், கணக்கில் கறார். வந்ததும் ஒரு பெட்டியில் வாடகை, புகையிலை, வெளியே போகும் செலவுக்கான பணம், கூடவே ஒரு தாளும் பென்சிலும். எடுப்பவர் எடுத்ததை எழுதிவிட வேண்டும். இன்னொரு பெட்டியில் சாப்பாட்டுப் பணம், வாரத்துக்கு ஒன்றாக நான்கு பங்கு. பேரேடு எழுதிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமையல் கோகன், சாமான் வாங்கி வருவது வான்கோ. ஒருநாள் வான்கோ சூப் வைக்க, இருவராலும் வாயில் வைக்க முடியவில்லையாம்.

ஆனால் அந்தப் பணம் இருவருடையதும் இல்லை, ஆச்சி. பாரிஸில் ஓவிய வியாபாரம் பார்த்த வான்கோவின் தம்பி தியோ கொடுத்தது. கோகனுக்கு மாதம் 150 பிராங்க், பதிலுக்கு மாதம் ஒரு படம் தர வேண்டும். அந்த ஊர்த் தபால்காரர் ரூலன் மூன்று பிள்ளைகளை வளர்த்தது 135 பிராங்கில் என்றால் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோகனுக்குக் கடன் அடைய வேண்டும், போய்விட வேண்டும். வான்கோவுக்கு அவர் தங்க வேண்டும். நம் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் ஒரே கூரைக்குள் ‘வேறு வைத்து’ அடுப்பையும் கணக்கையும் பிரித்துவிடுகிறார்களே, அந்த ஏற்பாட்டின் அருமை இந்த இருவர் கதையைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஆத்தங்குடி, டைல்ஸ் வேலை செய்பவர்: சாக்கில் படம் வரைந்தார்கள் என்றீர்களே அண்ணே, வண்ணம் நிற்குமா?

நிற்கும். கோகன் ஆர்லில் முரட்டுச் சணல் துணி 20 மீட்டர் வாங்கினார், இருவரும் அதையே வெட்டி வரைந்தார்கள். இழை முரடு, வண்ணத்தை நிறையக் குடிக்கும், மெல்லிய கோடு ஓடாது. நீங்கள் கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவதால் தளம் பளபளக்கிறதே, அதற்கு நேர் எதிர். அடியில் இருப்பது மேலே தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா.

ஒரு சேதி. 1987இல் ஜப்பான் காப்பீட்டு நிறுவனம் ஒன்று லண்டன் ஏலத்தில் ஒரு சூரியகாந்திப் படத்தைக் கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி பவுண்டுக்கு வாங்கியது. பின்னால் சிலர் போலி என்றார்கள். துணியைப் பார்த்தால் கோகன் வாங்கிய அதே சணல்! வான்கோ வரைந்ததுதான் என்பதற்கு அதுவே பெரிய சான்றானது.

பள்ளத்தூர், ஓவிய ஆசிரியை: பணத்தை விடுங்கள். ஓவியத்தில் என்ன சண்டை?

டீச்சர், பார்த்து வரைவதா, நினைத்து வரைவதா, அதுதான். நம் பெண்கள் நடுவீட்டுக் கோலம் போடும்போது எதையாவது பார்த்தா போடுகிறார்கள்? கைக்குத் தெரியும். கோகன் அந்தக் கட்சி. வான்கோவுக்குப் பொருள் எதிரே இருக்க வேண்டும், காற்றடித்தாலும் வயலில் போய் நிற்பார். மாதாம் ழினூ என்ற காபிக்கடை அம்மா வந்து உட்கார்ந்தபோது வான்கோ ஒரு மணி நேரத்தில் படத்தையே முடித்துவிட்டார். கோகன் நிதானமாகக் கரிக்கோலால் ஒரு வரைபடம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

நண்பர் சொல்கிறாரே என்று வான்கோ முயன்றும் பார்த்தார். ஒரு ஞாயிறு மாலை இருவரும் நடந்து போனபோது, மழை விட்ட வெயிலில் சிவந்து கிடந்த திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரைந்தார். அந்தப் படம் 1890இல் பிரஸ்ஸல்ஸில் 400 பிராங்குக்கு விற்றது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பெர்னாருக்கு எழுதும்போது, இப்படி நினைத்து வரைவது மந்திரம் போட்ட நிலம், சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்வோம் என்ற பொருளில் எழுதினார். டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டுக்குள் அடைந்தபோது இந்த வாதம் ராத்திரியெல்லாம் ஓடியது. மோன்பெலியே ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தும் அதே வாதம்தான், மின்சாரம் மாதிரி இருந்தது, முடிந்தபோது தலை வெறுமையாகிவிடும் என்று தியோவுக்கு எழுதினார்.

கோட்டையூர், பத்தாம் வகுப்பு மாணவி: ஏன் சார் ஒரு நாற்காலி பகலிலும் ஒன்று ராத்திரியிலும் இருக்கிறது?

நல்லாப் பார்த்திருக்கிறாய்ம்மா. தன்னுடையது வைக்கோல் பின்னிய சாதா நாற்காலி, மேலே சுங்கானும் புகையிலையும். கோகனுடையது கைவைத்த நாற்காலி, அதில் எரியும் மெழுகுவர்த்தியும் இரண்டு புத்தகமும். ஒருவர் கண்ணால் வரைபவர், மற்றவர் நினைவால் வரைபவர் என்று நான் படிக்கிறேன். இரண்டிலும் ஆள் இல்லை, அதையும் பார்.

காரைக்குடி, சுவர் ஓவியம் செய்பவர்: நானும் நண்பரும் பழைய வீடுகளில் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஆறு மாதமாகப் பேச்சில்லை. அவர் கோடு போட்டுவிட்டுப் போன பாதிப் படம் என்னிடம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

இந்தக் கேள்வியை நாலு தடவை படித்தேன்.

அந்த டிசம்பருக்குப் பிறகு கோகனும் வான்கோவும் நேரில் சந்திக்கவே இல்லை. ஆனால் கடிதம் நிற்கவில்லை. ஜனவரியிலேயே கோகன் சூரியகாந்திப் படம் ஒன்றைக் கேட்டார். வான்கோ முதலில் கோபப்பட்டார், அப்புறம் மறுபடி வரைய உட்கார்ந்துவிட்டார். நான் மேலே சொன்ன மாதாம் ழினூ வரைபடம் நினைவிருக்கிறதா? கோகன் அதை ஆர்லிலேயே விட்டுப் போய்விட்டார். 1890 தொடக்கத்தில் சான் ரெமி மனநல மருத்துவமனையில் இருந்த வான்கோ அதை எடுத்து, கோகனின் கோட்டை மதித்து, நிறம் மட்டும் தன்னுடையதாக வைத்து, மறுபடி மறுபடி எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சாவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூனில், கோகனுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தில், அதை நீயும் நானும் சேர்ந்து செய்த வேலையாக எடுத்துக்கொள், நாம் சேர்ந்து உழைத்த மாதங்களின் சாரம் அது என்றார். அந்தக் கடிதம் முடிக்கப்படாமல் அவர் தாள்களுக்குள் கிடந்தது.

நீங்கள் படத்தை முடியுங்கள். அவர் கோட்டை அழிக்க வேண்டாம். முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.