ஆத்தங்குடிப் பூ அட்டையில் மலர

வாசகர் கேள்விகளுக்குப் பள்ளத்தூர் ஆச்சியின் பதில்கள்

பொங்கல் நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கையால் செய்யும் வாழ்த்து அட்டை பற்றியே இருக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பொங்கல் வாழ்த்து தபாலில் வராத வீடே இல்லாமல் இருந்தது. பிள்ளைகள் மறுபடி கத்தரிக்கோலும் பசையுமாக உட்காருகிறார்கள் என்றால் அவர்களுக்கு விவரமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆச்சி, 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டையில் பூப்போட்ட தாளை முழுசாக ஒட்டி, பிறகு நடுவில் மடித்தேன். மடிப்பு நெடுக வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. கடையில் விற்கும் அட்டை மாதிரி வழவழப்பாக மடிய என்ன செய்வது?
*கல்லூரி மாணவி, புதுவயல்*

ஆத்தா, முதலில் அந்த அட்டையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். மில்லில் தாள் ஓடிவரும்போது நாரெல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் தாள் இணங்கும். குறுக்கே மடித்தால் நார் முறியும், முறிந்த இடம் வெடிக்கும். அட்டையை மடிக்காமல் இலேசாக வளைத்துப் பார். நீளவாக்கில் ஒரு தரம், அகலவாக்கில் ஒரு தரம். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுதான் நார் ஓடும் திசை. கைக்குத் தெரியவில்லையென்றால் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவு. துண்டு குழல் மாதிரி சுருளும். குழலின் நீளம் எந்தத் திசையோ, நாரும் அந்தத் திசைதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் நார் பெரும்பாலும் நீளப் பக்கமாகத்தான் ஓடும். முழு ஏ4 தாளை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுந்துவிடும். நீ செய்தது இதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் ஏ4 அட்டையை முதலில் இரண்டாக வெட்டிவிடு. 21 செ.மீ.க்கு 14.8 செ.மீ. துண்டு கிடைக்கும். அதை 21 செ.மீ. பக்கத்தின் நடுவில் மடித்தால் மடிப்பு நாரோடு போகும். ஒரே தாளில் இரண்டு அட்டையும் ஆயிற்று.

மடிப்பதற்கு முன்னால் கோடு அழுத்த வேண்டும். அச்சகக்காரர்கள் இதைக் கிரீசிங் என்பார்கள். அடியில் பழைய காலண்டர் அட்டையைப் போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரே அழுத்தமாக இழு. கத்தி வேண்டாம், அது நாரை அறுத்துவிடும். இழுத்த பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் தெரியும். மடிக்கும்போது அந்த மேடு உள்பக்கம் வர வேண்டும், பள்ளம் வெளியே. நிறையப் பேர் இதை மாற்றித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, பூப்போட்ட தாள் மடிப்பைத் தாண்டக் கூடாது. மடிப்புக்கு 4 மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிடு. மற்ற மூன்று பக்கமும் அதே அளவு விட்டு வெட்டினால் முன்பக்கத்துக்கு ஒரு கரையும் கிடைக்கும். கரை கட்டியவுடன் எந்தப் பூவும் எடுப்பாகத் தெரியும், செய்து பார்.

கேள்வி: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம் வருகிறது. எங்கள் வளவில் (முற்றத்து வீட்டில்) தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூவையே அட்டையில் கொண்டுவர ஆசை. கடையில் விற்கும் தாளில் அந்த மாதிரி பூ கிடைக்கவில்லை.
*வாசகி, தேவகோட்டை*

கடையில் தேடாதீர்கள். உங்கள் வீட்டுப் பூ உங்கள் தரையில்தான் இருக்கிறது. அந்தக் கல் சூளை பார்த்ததே கிடையாது. கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, சட்டத்தைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு இறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. கை நடுங்கின இடத்தில் கோடும் கொஞ்சம் நெளிந்திருக்கும். அந்த நெளிவோடு அட்டையில் வந்தால்தான் அப்பச்சி பார்த்தவுடன் "நம்ம வளவு" என்பார்.

காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிளாஷ் போட்டால் வழவழப்பான கல் அதை அப்படியே திருப்பி அடிக்கும். போனைத் தரைக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்க வேண்டும். பெரும்பாலான கல்லில் கால்வாசிப் பூதான் இருக்கும். நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பூ. அந்த நாலு கல்லை மட்டும் எடுத்தால் போதும், அச்சுக் கடையில் வரிசையாக அடுக்கித் தருவார்கள். கல்லைச் சுற்றி ஓடும் கரைக் கல்லையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்பக்கத்துக்கு ஆகும்.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பூவைப் பெரிதாக வைத்தால் அட்டையில் பாதிப் பூதான் நிற்கும். 8 அங்குலக் கல்லை 2.3 செ.மீ. ஆகச் சுருக்கச் சொல்லுங்கள். குறுக்கே 4 கல், நெடுக்கே 6 கல், மொத்தம் 9.2க்கு 13.8 செ.மீ. ஆறு முழுப் பூ அறுபடாமல் வரும்.

மணிவிழா என்பதால் சாதாரண மடிப்பு வேண்டாம், இரட்டைக் கதவு மடிப்பு போடுங்கள். 21 செ.மீ. அகல அட்டையில் இரு ஓரத்திலிருந்தும் 5.2 செ.மீ. தள்ளிக் கோடு அழுத்தி இரண்டையும் உள்ளே மடித்தால், நடுவில் கதவு மாதிரி சேரும். கணக்குப்படி 5.25 வர வேண்டும். அந்த அரை மி.மீ.யைக் குறைத்தால்தான் கதவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. அச்சடித்த தாளை நெடுக்கே சரிபாதியாக 4.6 செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் கதவுக்கு மூன்று பூ. வெட்டு பூவுக்கு நடுவே போகாமல் பூவுக்கும் பூவுக்கும் இடையில் போகும். கதவைத் திறந்தால் உள்ளே மணிவிழாத் தம்பதி இருவரும் இருக்கும் படம் இருக்கட்டும், வேறு அலங்காரம் எதுவும் வேண்டாம்.

லேசர் பிரிண்ட்டாகக் கேளுங்கள். இங்க்ஜெட் சாயம் ஈரப் பசை பட்டால் பரவும். ஆனால் லேசர் பொடி தாளின் மேலேதான் உட்கார்ந்திருக்கும், மடித்தால் உதிரும். அதனால் அச்சடித்த தாளை எங்கேயும் மடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுப் பெட்டகத்தில் ரங்கூன் காலத்துப் பேரேடுகளும், துணிக்கட்டில் ஒட்டி வந்த வண்ண லேபிள்களும் கிடைத்தன. கையெழுத்து அத்தனை அழகு! வெட்டி அட்டையில் ஒட்டலாமா?
*வாசகர், காரைக்குடி*

வேண்டாம் தம்பி. தயவுசெய்து கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய மில் தாளில் பெரும்பாலும் புளிப்பு (அமிலம்) இருக்கும். மரக்கூழும் படிகாரமும் சேர்த்துச் செய்தது. அதனால்தான் பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிறது. அட்டையில் ஒட்டினால் அந்தப் பழுப்பு புதுத் தாளுக்கும் ஏறும். இது தொழில் காரணம்.

பெரிய காரணம் வேறே. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நிறுத்தாமல், மற்றவர்கள் தூக்கிப்போட்ட கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வரைக்கும் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமானார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. நம் ஊர்க்காரர் ஒருவர் துண்டுத் தாளைக்கூடக் காப்பாற்றியிருக்கிறார். உங்கள் பேரேட்டில் யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், என்ன வட்டி, கோயிலுக்கு எவ்வளவு மகமை என்று ஒரு குடும்பத்தின் உழைப்பே எழுதியிருக்கும். அதில் நாலு அங்குலம் வெட்டிவிட்டால் திரும்ப வராது.

ஸ்கேன் செய்து கலர் பிரிண்ட் எடுங்கள். தந்த நிறத் தாளில் எடுத்தால் பழசின் சாயல் அப்படியே வரும், எத்தனை அட்டைக்கு வேண்டுமானாலும் வெட்டலாம். மூலத்தைத் தட்டையாக, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: கிழிந்த கண்டாங்கிச் சேலையில் நல்ல பகுதி மிச்சம் இருக்கிறது. அதை அட்டையில் ஒட்டினால் நூல் பிரிகிறது, பசையும் மேலே கசிகிறது.
*வாசகி, கண்டனூர்*

துணியை இஸ்திரி போட்டு, முதலில் மெல்லிய தாளின்மேல் ஒட்டிக் காயவிடுங்கள். காய்ந்தபின் தாளோடு சேர்த்து வெட்டினால் நூல் பிரியாது. பசையைத் துணியில் தடவாமல் தாளில் தடவுங்கள், அதுவும் பிரஷ்ஷால் மெல்லிசாக. அட்டையில் ஒட்டும்போது இரட்டைப் பக்க டேப் போதும். கண்டாங்கி கட்டம் போட்ட சேலை என்பதால் துளி சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கட்டத்தின் கோட்டையே ஸ்கேலாக வைத்து வெட்டுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது, அரக்கும் மஞ்சளும் அட்டையில் என்னமாய் எடுக்கும் தெரியுமா!

கேள்வி: போன பொங்கலுக்கு நான் அனுப்பிய அட்டைகளுக்குத் தபால்தலை பற்றவில்லை என்று போய்ச் சேர்ந்த இடத்தில் கூடுதல் காசு கேட்டிருக்கிறார்கள். சின்ன அட்டைதானே, எப்படி?
*வாசகர், கானாடுகாத்தான்*

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 300ஐ 16ஆல் வகுத்தால் 18.75 கிராம். தபாலில் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம் வரைதான். முழு ஏ4 அட்டையில் செய்து, பூத்தாள் ஒட்டி, உறையிலும் போட்டால் நிச்சயம் தாண்டிவிடும்.

புதுவயல் பிள்ளைக்குச் சொன்ன பாதி அளவு அட்டை 9.4 கிராம்தான். 100 ஜிஎஸ்எம் பூத்தாள் ஒன்றரை கிராமுக்குள் அடங்கும். மெல்லிய உறையோடு சேர்த்தாலும் 20-க்குள் நிற்கும். மணி, கண்ணாடிச் சில் ஒட்டினால் எடையும் கூடும், முத்திரை குத்தும்போது உறையும் கிழியும், அதனால் அவற்றைக் கையில் கொடுக்கும் அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒட்டி முடித்த ஓர் அட்டையை உறையோடு தபாலாபீசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்துக்குத் தலை வாங்குங்கள்.