விர்டியோ டிஸ்கில் ஒரு ரீட் தொங்கிவிடுகிறது, இன்னொரு ரீட் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து முடிகின்றன. ரிங்கில் என்ன தப்பு?

கேள்வியைப் படித்ததும் 4 வருடத்துக்கு முன்னால் நான் தூக்கமில்லாமல் கழித்த 11 நாட்கள் அப்படியே ஞாபகம் வந்துவிட்டன, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் விர்டியோவுக்கு (மெய்நிகர் கணினி தன் டிஸ்க் போன்ற சாதனங்களோடு பேசும் பொது முறை) சொந்தமாக ஒரு பிளாக் டிரைவர், அதாவது டிஸ்கோடு பேசும் நிரல், எழுதியிருக்கிறீர்கள், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை பிராசசர்) மெஷினில் ஓட்டுகிறீர்கள், மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பிறகு ஒரு ரீட் மட்டும் திரும்பி வராமல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். "இரண்டும் சேர்ந்து முடிகின்றன" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ரிங், அதாவது வேலைகளை வரிசையாகப் போட்டுவைக்கும் வட்டப் பட்டியல், கெட்டுப்போகவில்லை. முதல் ரீட் ரிங்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதை எடுக்க வேண்டிய டிவைஸ் (மறுபக்கம் டிஸ்காக நடிக்கும் நிரல்) தூங்கிவிட்டது, எழுப்ப வேண்டிய டிரைவர் எழுப்பவில்லை.

ரஸ்டி ரஸ்ஸல் 2008-இல் விர்டியோவை விளக்கி எழுதியதிலிருந்து அடிப்படை அமைப்பு ஒன்றுதான். கெஸ்டும் (மெய்நிகர் கணினி) ஹோஸ்டும் (அதை ஓட்டும் உண்மைக் கணினி) பார்க்கும் பொது மெமரியில் மூன்று பகுதிகள். டிஸ்கிரிப்டர் டேபிளில் டேட்டா எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள், ஒவ்வொன்றும் 16 பைட்: முகவரி, நீளம், ஃபிளாக், அடுத்தது எது என்ற எண். அவெயில் ரிங்கில் (செய்ய வேண்டியவை) டிரைவர் மட்டும் எழுதும், யூஸ்டு ரிங்கில் (முடிந்தவை) டிவைஸ் மட்டும் எழுதும், அதனால் பூட்டே வேண்டாம். ஆனால் புதிதாக ஒன்றைப் போட்டதும் டிவைஸைத் தட்டி எழுப்ப வேண்டுமே, அந்தக் கிக்தான் செலவு பிடித்தது, கெஸ்டை நிறுத்தி ஹோஸ்டுக்குள் போய்வர வேண்டும். அதைக் குறைக்க, விழித்திருக்கும்போது டிவைஸ் யூஸ்டு ரிங்கில் "கிக் வேண்டாம்" என்று ஒரு ஃபிளாக் வைத்துவிடும். தூங்கப் போகும்முன் ஃபிளாகை எடுத்துவிட்டு, அவெயில் இன்டெக்ஸை (இதுவரை எத்தனை வேலை போட்டாயிற்று என்ற எண்) கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கும். டிரைவர் இதற்கு நேர் எதிராக, இன்டெக்ஸை ஏற்றிவிட்டு ஃபிளாகைப் பார்க்கும்.

எங்கள் இடத்தில் டிவைஸ் பக்கம் ஒரு சீனியர் எழுதியது, கெஸ்ட் டிரைவர் நான் எழுதியது. ரிங்கில் 256 இடம். சோதனையில் இரவு முழுக்க ஓடும், விடிகாலையில் நின்றிருக்கும். லாக் போட்டுப் பார்க்கலாம் என்று நடுவில் பிரிண்ட் வரி சேர்த்தால் மூன்று நாள் ஓடினாலும் நிற்கவில்லை, எடுத்தால் மறுபடி நின்றது. (பிரிண்டுக்குள்ளே இருக்கும் பூட்டே பேரியர் வேலையை, அதாவது முன்னால் எழுதியது வெளியே தெரியும்வரை அடுத்ததைப் படிக்கவிடாமல் நிறுத்தும் வேலையை, செய்துகொண்டிருந்தது, அது பிறகுதான் புரிந்தது.) இன்டெக்ஸை வோலடைல் (ஒவ்வொரு முறையும் மெமரிக்கே போ என்று கம்பைலருக்குச் சொல்வது) என்று அறிவித்தும் பார்த்தேன், பலனில்லை.

ஒன்பதாம் நாள், நின்றுபோன நிலையிலேயே கெஸ்ட் மெமரியை டம்ப் (அப்படியே நகல்) எடுத்து, எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். டிரைவர் எழுதிய அவெயில் இன்டெக்ஸ் 41873. டிவைஸ் கடைசியாகப் பார்த்தது 41872. 41872-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 144, அந்த இடத்தில் டிஸ்கிரிப்டர் எண் சரியாக இருக்கிறது. யூஸ்டு ஃபிளாக் 0, அதாவது "கிக் கொடு" என்று டிவைஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாமே சரி, ஆனால் இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

காரணம் இதுதான். எக்ஸ்86-இல் ஒரு ஸ்டோர் முதலில் ஸ்டோர் பஃபரில் விழுகிறது, அது மற்ற கோர்களுக்குத் தெரியும் முன்பே வேறு முகவரியிலிருந்து வரும் லோட் முடிந்துவிடலாம். டிரைவர் இன்டெக்ஸை ஏற்றியது இன்னும் வெளியே தெரியவில்லை, அதற்குள் பழைய ஃபிளாகைப் படித்து "கிக் வேண்டாமாம்" என்று போய்விட்டது. அதே நொடியில் டிவைஸ் ஃபிளாகை எடுத்துவிட்டு, பழைய இன்டெக்ஸைப் பார்த்து, வேலை ஒன்றுமில்லை என்று தூங்கிவிட்டது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் இரண்டு பக்கமும் முழு மெமரி பேரியர் வேண்டும். எம்ஃபென்ஸ் (mfence) என்ற பிராசசர் கட்டளை போடுங்கள், அல்லது லாக் (lock) முன்னொட்டு உள்ள ஒரு கட்டளை. ரைட் பேரியர் மட்டும் போதாது, வோலடைல் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், பிராசசரை அல்ல. எங்களிடம் இரண்டு பக்கமுமே இல்லை.

"எக்ஸ்86-க்குப் பேரியரே தேவையில்லை, ஆர்ம் பிராசசருக்குத்தான் வேண்டும்" என்று யாராவது கமென்ட்டில் எழுதுவார்கள் என்று தெரியும், எங்கள் சீனியரும் அதைத்தான் சொன்னார். டிஸ்கிரிப்டரை எழுதிவிட்டு இன்டெக்ஸை எழுதும் இடத்தில் அது ஏறக்குறைய உண்மை, கம்பைலர் வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்டோருக்குப் பின் லோட் வரும் இந்த ஓர் இடத்தில் அது உண்மை இல்லை. ஃபிளாகைப் படிக்கும் முன் பேரியர் வேண்டும் என்று விர்டியோ விதிமுறையிலேயே இருக்கிறது. 2019-இல் வந்த விதிமுறை 1.1-இன் பேக்டு ரிங்குக்கு (மூன்று பகுதிகளையும் ஒன்றாக்கிய வடிவம்) மாறினாலும் இந்தச் சிக்கல் போகாது, அங்கேயும் கிக்கைத் தடுக்கும் வசதி உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் டம்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு விநாடியும் டிவைஸைச் சும்மா எழுப்பிவிடும் டைமர் ஒன்றைப் போட்டு வேலையை முடித்துவிடச் சொன்னார்கள். போட்டிருந்தால் தொங்குவது நின்றிருக்கும், அதற்குப் பதில் எப்போதாவது ஒரு ரீட்டுக்கு ஒரு விநாடி ஆகும், அது ஏன் என்று பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடிந்திருக்காது. நான் மறுத்தேன். கடைசியில் திருத்தம் பக்கத்துக்கு ஒரு வரி, மொத்தம் இரண்டு வரி. அந்த வருட அப்ரைசலில் முடித்த டிக்கெட்டுகளைத்தான் எண்ணினார்கள், 11 நாளுக்கு எனக்கு ஒரு டிக்கெட். வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் அந்த டிஸ்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிக் பக்கம் சரியாக இருந்தால் இன்டரப்ட் (வேலை முடிந்தது என்று டிவைஸ் டிரைவரைத் தட்டுவது) பக்கத்தையும் பாருங்கள், அதே கதை தலைகீழாக அங்கேயும் நடக்கும்: டிரைவர் இன்டரப்டை மறுபடி திறந்துவிட்டு, பேரியர் போட்டு, யூஸ்டு இன்டெக்ஸை இன்னொருமுறை பார்க்க வேண்டும். டிவைஸ் பக்கமும் உங்களுடையது என்றால், டிஸ்கிரிப்டரை ஒருமுறை சொந்த மெமரிக்கு நகல் எடுத்துவிட்டு அதிலிருந்தே நீளத்தைச் சோதியுங்கள். பொது மெமரியை இரண்டு தடவை படித்ததால் (இடையில் மறுபக்கம் அதை மாற்றிவிடலாம்) 2015 டிசம்பரில் சென் (Xen, இன்னொரு மெய்நிகராக்க மென்பொருள்) டிரைவர்களுக்குப் பாதுகாப்பு அறிவிப்பே விட வேண்டி வந்தது.

அடுத்த முறை நின்றதும் இன்னொரு ரீட் கொடுத்து எழுப்பிவிடாதீர்கள். அப்படியே டம்ப் எடுத்து அவெயில் இன்டெக்ஸ், டிவைஸ் கடைசியாகப் பார்த்தது, யூஸ்டு இன்டெக்ஸ், இரண்டு ஃபிளாகுகள், இவற்றை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.