டைப் உள்ள மொழியில், சட்டென்று தொடங்கும் சர்வர்லெஸ் ஃபங்ஷன் எழுத எது சரியான வழி?

கேள்வி இதுதான்: டீமின் ஏபிஐ எல்லாம் ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் (அமேசானின் சர்வர்லெஸ் சேவை), ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் ஓடுகிறது. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால், அடுத்து வரும் முதல் ரிக்வெஸ்ட் பல செகண்ட் தொங்குகிறது. டைப் இல்லாத மொழிக்குப் போக மனமில்லை. எந்த மொழிக்குப் போகலாம்?

புதிதாக எழுதுவதாக இருந்தால் ரஸ்ட். கோ தெரிந்த டீம் என்றால் கோவே போதும். ஜாவாவில் ஏற்கெனவே நிறைய எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், முதலில் ஸ்னாப்ஸ்டார்ட்டைப் (தொடங்கிய நிலையை முன்பே சேமித்து வைக்கும் லாம்டா வசதி) போட்டுப் பாருங்கள். நான் ஜாவா, ரஸ்ட் இரண்டிலும் லாம்டா எழுதியிருக்கிறேன். தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மொழியை மட்டும் மாற்றினால், அது புது மொழியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரிக்வெஸ்ட் வரும்போது சும்மா இருக்கும் சூழல் எதுவும் இல்லையென்றால் லாம்டா புதிதாக ஒன்றைக் கட்டும். இதற்குப் பெயர்தான் கோல்ட் ஸ்டார்ட். முதலில் ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷின் எழும்பும். இதற்கு அமேசான் பயன்படுத்துவது 2018-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர். அதுவே ரஸ்ட்டில் எழுதப்பட்டதுதான். 125 மில்லி செகண்ட் அளவிலேயே ஒரு மெஷினை எழுப்பிவிடும். அப்புறம் உங்கள் கோடு அதற்குள் இறங்கும். அதன் பிறகு ரன்டைம் தொடங்கி, ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓடும் ஃபங்ஷன்) வெளியே நீங்கள் எழுதியதெல்லாம் ஒருமுறை ஓடும். இந்தக் கட்டம்தான் இனிட். மெஷினை எழுப்புவது அமேசானின் பாடு, அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. பேக்கேஜின் அளவும், அந்தக் கடைசிக் கட்டமும் நம் கையில் இருப்பவை. செகண்ட் கணக்கில் நேரம் போவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான்.

இதை ஊகிக்க வேண்டாம், ஏடபிள்யூஎஸ்ஸின் லாக் சேவையான கிளவுட்வாட்சிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் 'ரிப்போர்ட்' என்று தொடங்கும் ஒரு வரி வரும். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரத்துக்குக் காசு, எவ்வளவு மெமரி என்று அதில் இருக்கும். கோல்ட் ஸ்டார்ட் நடந்த அழைப்பில் மட்டும் அதே வரியில் 'இனிட் டியூரேஷன்' என்று ஒரு எண் கூடுதலாகச் சேரும். பலர் இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருகிறார்கள். அதே வரியில் இருக்கும் 'டியூரேஷன்' எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமாக 20 மில்லி செகண்டில் முடியும் ஹேண்ட்லர், கோல்ட் ஸ்டார்ட் வரியில் மட்டும் 900 காட்டினால், வேலை இனிட்டில் இல்லை, முதல் ரிக்வெஸ்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை லோட் ஆகும் கிளாஸ்கள், முதல் டிஎல்எஸ் இணைப்பு, முதல் ஜேசன் வாசிப்பு எல்லாம் அங்கேதான் விழும். பயனர் காத்திருப்பது இரண்டையும் சேர்த்துத்தான்.

சரி, டைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? என் பார்வையில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. டைப் பற்றிய தகவலை ஒரு மொழி எப்போது செலவழிக்கிறது என்பதுதான் கோல்ட் ஸ்டார்ட்டைத் தீர்மானிக்கிறது. உங்கள் ஆர்டர் கிளாஸில் என்னென்ன ஃபீல்டு இருக்கிறது என்று கம்பைலருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஜாவாவில் ஜாக்சன் லைப்ரரி ஓடும் நேரத்தில் ரிஃப்ளெக்ஷன் மூலம் அந்தக் கிளாஸைத் திறந்து, ஃபீல்டுகளைத் தேடிப் பிடித்து, அப்புறம்தான் ஜேசனை வாசிக்கத் தயாராகிறது. ஸ்பிரிங் இன்னும் ஒரு படி மேலே போய், கிளாஸ்பாத் முழுவதும் அலசி, எந்த பீனை (ஸ்பிரிங் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்) எதோடு இணைப்பது என்று தொடங்கும்போதே தீர்மானிக்கிறது. அதற்கான கிளாஸ்கள் லோட் ஆகவேண்டும், ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம் அவற்றைச் சரிபார்க்கவேண்டும், முதலில் இன்டர்ப்ரெட்டரில் மெதுவாக ஓடவேண்டும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வரில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. லாம்டாவில் ஒவ்வொரு புதுச் சூழலும் இதை முதலிலிருந்து செய்கிறது. கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரியே காய் நறுக்கி வைக்காமல், பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு தேங்காய் உடைக்கப் போவது போலத்தான்.

ரஸ்ட்டில் அதே வேலை பில்டின்போதே முடிந்துவிடுகிறது. ஒரு ஸ்ட்ரக்டுக்கு மேலே செர்டே லைப்ரரியின் 'டிசீரியலைஸ்' டிரைவ் போட்டால், அந்த ஸ்ட்ரக்டுக்கு மட்டுமேயான வாசிப்புக் கோடைக் கம்பைலர் எழுதிவிடும். ஓடும்போது தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஜேவிஎம் கிடையாது, ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜேஐடி கிடையாது, ஒரே ஒரு பைனரி. ஈவன்டில் வராமல் போகக்கூடிய ஃபீல்டை 'ஆப்ஷன்' என்று எழுதிவிட்டால், அது இல்லாதபோது என்ன செய்வது என்று சொல்லாமல் கம்பைலர் விடாது. பேமென்ட் கால்பேக் மாதிரி, எதிர்ப்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் ஃபீல்டை விட்டுவிட்டு அனுப்பும் இடங்களில் இந்தக் கண்டிப்பின் அருமை புரியும்.

நான் ரஸ்ட் லாம்டாவை அமைக்கும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கருவி 'கார்கோ லாம்டா'. அதில் ரிலீஸ், ஆர்ம்64 இரண்டு ஃபிளாகையும் கொடுத்து பில்ட் செய்தால், உங்கள் லேப்டாப் எதுவாக இருந்தாலும் அமேசானின் கிராவிட்டன் பிராசசருக்கான பைனரி வரும். கிராஸ் கம்பைலுக்கு உள்ளே ஜிக் டூல்செயினைப் பயன்படுத்துகிறது. பைனரியின் பெயர் 'பூட்ஸ்டிராப்' என்று இருக்கவேண்டும், ரன்டைம் அமேசான் லினக்ஸ் 2023-க்கான 'ப்ரொவைடட்' வகை. 2018 கடைசியில் லாம்டா தன் ரன்டைம் ஏபிஐயைத் திறந்துவிட்டதால்தான் இது சாத்தியம்: பூட்ஸ்டிராப் ஒரு எச்டிடிபி முகவரியில் 'அடுத்த ஈவன்ட் கொடு' என்று கேட்டு, வேலையை முடித்து, பதிலைத் திருப்பிப் போஸ்ட் செய்யும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கோடில் முக்கியமான விஷயம், எது 'மெயின்' ஃபங்ஷனில், எது ஹேண்ட்லரில் என்பது. ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக், டைனமோடிபி கிளையன்ட், ரீஜெக்ஸ் மாதிரி ஒருமுறை செய்தால் போதும் என்பவற்றை மெயினில் உருவாக்கி, ஹேண்ட்லருக்கு ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். ஹேண்ட்லருக்குள் கிளையன்டை உருவாக்கினால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அந்த விலையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். கிளையன்டை மெயினில் உருவாக்குவதாலேயே இணைப்பு போடப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் முதல் அழைப்பில்தான் நடக்கும். அது உறுத்தினால் மெயினிலேயே ஒரு சின்ன வாசிப்பு அழைப்பை விட்டு இணைப்பைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கோடு பாதைக்கும் தேவைப்படாத கிளையன்ட் என்றால் மெயினில் வைக்காமல், தேவைப்படும்போது முதல்முறை உருவாக்கும்படி 'ஒன்ஸ்செல்' மாதிரி ஒன்றில் வையுங்கள்.

ரிலீஸ் புரொஃபைலில் எல்டிஓவைப் (இணைக்கும்போதே முழு நிரலையும் சேர்த்துச் சீராக்கும் முறை) போடுங்கள், கோட்ஜென் யூனிட்டை 1 ஆக்குங்கள், சிம்பல்களை ஸ்டிரிப் செய்யுங்கள். பைனரி நன்றாகவே சுருங்கும், பில்ட் நேரம் கூடும். இணையத்தில் பல இடங்களில் இதோடு 'பேனிக் அபார்ட்' போடவும் சொல்வார்கள். லாம்டாவுக்கு அது வேண்டாம் என்பேன். அதைப் போட்டால் ஒரு ரிக்வெஸ்ட்டில் பேனிக் (ரஸ்ட் நிரல் தொடர முடியாத பிழை) வந்தவுடன் பிராசஸே செத்துவிடும், அடுத்த ரிக்வெஸ்ட் மறுபடி இனிட்டிலிருந்து தொடங்கும். சில கிலோபைட் மிச்சம் பிடிக்கப் போய், எந்தக் கோல்ட் ஸ்டார்ட்டை ஒழிக்க வந்தோமோ அதையே கூப்பிட்டு வைப்பதாகிவிடும். கார்கோவில் தேவையில்லாத ஃபீச்சர்களை அணைப்பதும் முக்கியம். ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி கிரேட்டாக (ரஸ்ட் பேக்கேஜ்) வருவது இதற்கு வசதி. எஸ்3 மட்டும் வேண்டுமென்றால் எஸ்3 மட்டும்.

இப்படி எழுதிய ஃபங்ஷனில் இனிட் டியூரேஷன் பொதுவாகச் சில பத்து மில்லி செகண்டில் நிற்கும். ஸ்பிரிங் பூட்டில் அதே எண் செகண்ட் கணக்கில் இருக்கும்.

மெமரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லாம்டாவில் மெமரியைக் கூட்டினால்தான் சிபியு கூடும். 1,769 எம்பியில்தான் முழுசாக ஒரு விசிபியு கிடைக்கும். 128 எம்பியில் அதில் ஒரு சிறு துண்டுதான். ரஸ்ட் ஃபங்ஷன் 128-இல் மெமரி அளவில் தாராளமாக அடங்கும், ஆனால் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்குக்குச் சிபியு வேண்டும், அங்கே தடுமாறும். 256, 512 என்று ஏற்றி அளந்து பாருங்கள். 2020 டிசம்பரிலிருந்து கட்டணம் ஒரு மில்லி செகண்ட் கணக்கில் என்பதால், மெமரி இரட்டிப்பாகி நேரம் பாதியானால் செலவு ஏறாது.

கட்டணம் என்றதும் இதையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் ஜாவா, நோட்.ஜேஎஸ் மாதிரி அமேசானே தரும் ரன்டைமில் ஜிப்பாக ஏற்றிய ஃபங்ஷன்களுக்கு இனிட் நேரம் பெரும்பாலும் இலவசம். 2025 ஆகஸ்ட் 1-லிருந்து அதற்கும் காசு. இனிமேல் தொடக்கத்தில் வீணாகும் ஒவ்வொரு செகண்டும் பயனரின் பொறுமையோடு உங்கள் பில்லிலும் விழும்.

இனி உங்கள் ஜாவா. ஸ்னாப்ஸ்டார்ட் 2022 நவம்பரில் வந்தது. நீங்கள் வெர்ஷனைப் பப்ளிஷ் செய்யும்போதே லாம்டா இனிட்டை ஓட்டி, மெமரியையும் டிஸ்க்கையும் அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறது. கோல்ட் ஸ்டார்ட்டில் இனிட்டுக்குப் பதில் அந்த ஸ்னாப்ஷாட் மீட்கப்படுகிறது. லாகிலும் 'ரிஸ்டோர் டியூரேஷன்' என்றுதான் வரும். ஜாவாவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பப்ளிஷ் செய்த வெர்ஷனில் மட்டும்தான் வேலை செய்யும், பப்ளிஷ் செய்யாத 'லேட்டஸ்ட்'டில் செய்யாது, இதில் பலர் குழம்புகிறார்கள். டேட்டாபேஸ் இணைப்பு, ரேண்டம் எண்ணின் விதை, காலாவதியாகும் டோக்கன் மூன்றும் ஸ்னாப்ஷாட்டுக்குள் உறைந்துவிடும், எல்லாச் சூழலும் அதே பழைய நிலையோடு எழும். ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னும் மீட்ட பின்னும் நம் கோடை ஓட்டவிடும் ஜாவா வசதி கிராக் ஹுக். அதில் மீட்ட பிறகு ஓடும் பகுதியில் இவற்றைப் புதுப்பியுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்கு முந்தைய ஹுக்கில் ஒரு போலி ரிக்வெஸ்ட்டை ஹேண்ட்லருக்குள் அனுப்பிவிட்டால், ஜாக்சன் செய்யும் தேடல் உட்பட எல்லாம் முடிந்த நிலையிலேயே ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும். பலன் நிறையக் கிடைப்பது இந்தச் சின்ன வேலையில்தான்.

ரிஃப்ளெக்ஷனையே ஒழிக்க வேண்டுமென்றால் மைக்ரோநாட் அல்லது குவார்க்கஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க். இணைப்பு வேலைகளைப் பெரும்பாலும் பில்டிலேயே முடித்துவிடும், கிரால்விஎம்மோடு சேர்த்தால் நேட்டிவ் பைனரியே கிடைக்கும். சி ஷார்ப்பில் நேட்டிவ் ஏஓடியும் (முன்கூட்டியே நேட்டிவ் பைனரியாகக் கம்பைல் செய்வது) இதே பாதைதான். டாட்நெட் 8-லிருந்து நடைமுறைக்கு நன்றாக வந்துவிட்டது, ஜேசனுக்கு சோர்ஸ் ஜெனரேட்டரை மறக்காமல் போடவேண்டும். இரண்டிலும் ரிஃப்ளெக்ஷனை நம்பியிருக்கும் ஒரு பழைய லைப்ரரி உள்ளே இருந்தால், பில்ட் ஆகி ஓடும்போது விழும். அதை முன்னாலேயே சோதித்துவிடுங்கள்.

கோ மொழியில் ஜேசன் லைப்ரரி ரிஃப்ளெக்ஷனைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் ஃபிரேம்வொர்க் தேடல் எதுவும் இல்லாததால் செலவு சின்னது. பழைய கோ ரன்டைம் போய்விட்டது, இப்போது அதுவும் பூட்ஸ்டிராப் வழிதான். 'லாம்டா நோஆர்பிசி' என்ற பில்ட் டேகைப் போட்டால் பைனரி கொஞ்சம் இளைக்கும்.

டைப்ஸ்கிரிப்ட்டும் டைப் உள்ள மொழிதானே என்பீர்கள். அதில் டைப் எல்லாம் கம்பைலோடு மறைந்துவிடும், ஓடும்போது ஈவன்டைச் சரிபார்க்க ஜோட் மாதிரி ஒரு லைப்ரரி வேண்டும், அது ஸ்கீமாக்களைத் தொடங்கும்போது கட்டும். இஎஸ்பில்டால் ஒரே ஃபைலாகப் பண்டில் செய்து, எஸ்டிகேயில் தேவையான கிளையன்டை மட்டும் இம்போர்ட் செய்தால் பெரும்பாலான ஏபிஐக்குப் போதுமான வேகம் கிடைக்கும். ரஸ்ட் கற்க டீமுக்கு நேரமில்லை என்றால் நான் இதற்குத் தயங்காமல் சரி சொல்வேன்.

எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். புரொடக்‌ஷனில் கோல்ட் ஸ்டார்ட் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழ்தான் என்று அமேசானே சொல்கிறது. எஸ்கியூஎஸ் வரிசையிலிருந்து எடுத்துச் செய்யும் ஃபங்ஷன், இரவில் ஓடும் ரிப்போர்ட் இவற்றுக்கு மூன்று செகண்ட் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, ஸ்பிரிங்கிலேயே விடுங்கள். இன்றைக்கு கிளவுட்வாட்சின் லாக்ஸ் இன்சைட்ஸில் இனிட் டியூரேஷன் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி, ஃபங்ஷன் வாரியாக அடுக்குங்கள். யாராவது திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் ஃபங்ஷன்கள் அதில் எவை என்று குறியுங்கள். அவற்றுக்கு ஸ்னாப்ஸ்டார்ட்டை இந்த வாரமே போடுங்கள். அதன் பிறகும் உறுத்துகிற ஒன்றை, லாகினோ பேமென்ட் கால்பேக்கோ, ரஸ்ட்டில் எழுதிப் பாருங்கள்.