எந்த ஆய்வு எந்த மட்டில் இருக்கிறது? கேள்வி பதில்

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த சேதிகளைப் பற்றித்தான் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவத்தில் நான் வாசகன் மட்டுமே. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரபு, திருப்பூர்: சார், அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத பொருளைக் கொரியாவில் செய்துவிட்டதாக 2023-ல் ஒரே பரபரப்பு. அப்புறம் சத்தமே இல்லையே?

எல்கே-99-ஐச் சொல்கிறீர்கள். ஜூலையில் அறிவித்தார்கள், ஆகஸ்டிலேயே கதை முடிந்தது. சுமார் 104 டிகிரி செல்சியஸில் மின்தடை சடாரென்று விழுந்ததைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். ஆனால் அந்த மாதிரியில் காப்பர் சல்பைடு கலந்திருந்தது. அந்த வெப்பநிலையை ஒட்டித்தான் அதன் படிக அமைப்பு மாறும், மின்தடையும் விழும். கலப்பில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தால் அது மின்சாரத்தைக் கடத்தவே இல்லை!

கடுங்குளிரில் மின்தடையை இழக்கும் பொருட்கள் நிஜமாகவே உண்டு. அப்படி 1987-ல் வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வட்டு ஒன்றை வருடா வருடம் வகுப்பில் காட்டுவேன். தெர்மோகோல் கிண்ணத்தில் வட்டை வைத்து, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றினால் புகை மாதிரி பொங்கும். அடங்கியதும் ஒரு குட்டிக் காந்தத்தை இடுக்கியால் மேலே விட்டால் அந்தரத்தில் நிற்கும், விரலால் தட்டினால் சுற்றும். கடைசி பெஞ்சும் எழுந்து வந்துவிடும். நைட்ரஜன் தீர்ந்து வட்டு கொஞ்சம் சூடேறியதும் காந்தம் பொத்தென்று உட்கார்ந்துவிடும். 1993-ல் பாதரசம் சேர்ந்த இன்னொரு சேர்மத்தில், மின்தடை மறையும் வெப்பநிலை எல்லை மைனஸ் 140 வரை உயர்ந்தது. அதற்கப்புறம் முப்பது வருடம் சாதாரண அழுத்தத்தில் பெரிய பாய்ச்சல் எதுவும் இல்லை. இந்த வட்டு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் கிடையாது.

கவிதா, செவிலியர், வேலூர்: குழந்தையிலேயே பிசிஜி போட்டவர்களுக்கும் காசநோய் வருகிறதே ஐயா, புதுத் தடுப்பூசி எப்போது?

பலருக்கும் இடது தோளில் இருக்கும் அந்தத் தழும்பு 1921-ல் புழக்கத்துக்கு வந்த ஊசியின் அடையாளம். காசநோய்க்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்றும் அது ஒன்றுதான். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது நன்றாகக் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலைக் காக்கிறதா என்று சோதித்தது நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். 1968-ல் ஆரம்பித்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பதினைந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று எவ்வளவு உழைப்பு! பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று முடிவு வந்தது. யாரும் எதிர்பார்க்காத, பலருக்குப் பிடிக்காத முடிவு. நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறு மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் உறவுகள்) ஏற்கெனவே உடம்பைப் பழக்கிவிடுவதால் ஊசிக்கு வேலையில்லாமல் போகிறது என்பது ஒரு விளக்கம். என்னைக் கேட்டால், இந்தியாவில் நடந்த மருத்துவச் சோதனைகளில் மிக நேர்மையானவற்றில் இதுவும் ஒன்று. பள்ளிப் பாடத்தில் அதற்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

இப்போது நம்பிக்கை தருவது எம்72 என்ற புதுத் தடுப்பூசி. கிருமி ஏற்கெனவே உள்ளே பதுங்கியிருந்த சுமார் 3,500 பேரிடம் ஆப்பிரிக்காவில் சோதித்தபோது, மூன்று வருடத்தில் நோய் வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மூன்றாம் கட்டச் சோதனை 2024-ல் ஆரம்பித்தது, சுமார் 20,000 பேர் இலக்கு. கொரோனா ஊசி மாதிரி சட்டுபுட்டென்று முடியாது, அம்மா. பதுங்கிய கிருமி எழுந்து நோயாக மாற வருடக்கணக்காகும். அதுவரை காத்திருந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஒரு வாசகர், போடி: பொட்டிபுரம் நியூட்ரினோ திட்டம் இருக்கிறதா, போய்விட்டதா?

காகிதத்தில் இருக்கிறது. நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, தேனி மாவட்ட மலைக்குள் ஒரு கூடம் அமைக்கும் திட்டம் அது. 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2022-ல் தமிழக அரசு அனுமதிக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நியூட்ரினோவால் ஆபத்து என்ற பயம் வீண். இதைப் படிக்கிற ஒரு நொடியில் கோடி கோடியாய் உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஆனால் மலையைக் குடைவதைப் பற்றி ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முன்கூட்டியே, தமிழில், உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை வேறு. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதலில் பார்த்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல் சுரங்கம், 1965-ல். மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைத்தான் பொட்டிபுரத்தில் 50,000 டன் இரும்பை வைத்துத் தேடுவதாக இருந்தது. அதே கேள்வியை வேறு வழியில் கேட்கும் சீனாவின் ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்க ஆரம்பித்துவிட்டது.

ரமணன், யாழ்ப்பாணம்: அணுக்கரு இணைவில் போட்டதை விடக் கூட எடுத்துவிட்டார்களாமே அண்ணை?

உண்மைதான் தம்பி. 2022 டிசம்பர் 5, கலிபோர்னியா. 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலை, ஒரு மிளகளவு எரிபொருள் குளிகையை உள்ளே வைத்த சின்ன உலோக உருளைக்குள் பாய்ச்சின, 3.15 வெளியே வந்தது. ஆனால் அந்த லேசர்களை ஓட்ட மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். அதையும் கணக்கில் சேர்த்தால் நூற்றில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

சுகுமார், மதுரை: சிந்துவெளி எழுத்தைப் படித்தவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசாமே?

2025 ஜனவரியில் முதல்வர் அறிவித்தார். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-ல் தொகுத்த கணக்கில் நானூற்றுச் சொச்சம் குறிகள். ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்தே குறி. இருமொழிக் கல்வெட்டும் கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் படித்துவிட்டதாகச் சொல்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் படித்தது மற்றவருக்கு ஒத்துவரவில்லை.

நிலா, பிளஸ் டூ, தஞ்சாவூர்: காசில்லாமல் செய்யக்கூடிய ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா சார்?

11, 13. 17, 19. இப்படி இரண்டு தள்ளி வரும் பகா எண் ஜோடிகளுக்கு முடிவே இல்லையா? யாரும் நிரூபிக்கவில்லை. அமெரிக்காவில் அதிகம் அறியப்படாத விரிவுரையாளராக இருந்த யிடாங் ஜாங், ஐம்பது வயது தாண்டி, 2013-ல் ஒரு கதவைத் திறந்தார்: ஏழு கோடிக்குள் இடைவெளி உள்ள ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு. பலர் சேர்ந்து அதை அடுத்த வருடமே 246-க்கு இறக்கினார்கள். அதை 2 ஆக்க வேண்டும். தாளும் பேனாவும் போதும்மா, திரவ நைட்ரஜன் வேண்டாம்.