‘ஆமாம்’ என்பதற்கு எல்லா மொழியிலும் சொல் உண்டா? அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு ‘யெஸ்’ஸால் என் வேலை போகப் பார்த்தது. அதிலிருந்துதான் இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு கண்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையர் ஜெர்மன்காரர். மொத்தத் துணியை வெட்டும் முன் பையர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டிய மாதிரி உடுப்புக்கு, அதாவது பிபி சாம்பிளுக்கு, அவர் இன்னும் அப்ரூவல் கொடுக்கவில்லை. ஒருநாள் போனில் “ஹேவன்ட் யூ ஸ்டார்ட்டட் கட்டிங்?” என்று கேட்டார். இன்னும் கட்டிங் ஆரம்பிக்கவில்லையா என்கிறார். ஆமாங்க, ஆரம்பிக்கவில்லை. அந்த நினைப்பில் “யெஸ் சார்” என்றேன். அவர் காதில் அது ‘ஆரம்பித்துவிட்டோம்’ என்று விழுந்திருக்கிறது. அப்ரூவல் இல்லாமல் துணியை வெட்டிவிட்டார்கள் என்று அரை மணி நேரத்தில் முதலாளிக்கு மெயில் போய்விட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டதை இங்கே எழுத முடியாது. கட்டிங் டேபிளில் ஒரு பீஸ்கூட இல்லை என்று போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் ஆள் அடங்கினார்.

அப்புறம் நிதானமாக யோசித்தால், தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று தெரிந்தது. இல்லையா, வரலையா, சாப்பிடலையா என்று எதிர்மறையில் கேட்கும் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், கேட்டவர் சொன்ன வாக்கியத்தை நாம் ஆமோதிக்கிறோம். ஜப்பான்காரர்களின் ‘ஹாய்’ இப்படித்தான் வேலை செய்கிறது. ஆங்கிலக்காரனின் யெஸ் நடந்த சங்கதியை ஆமோதிக்கிறது. ‘வரலையா?’ என்பதற்கு யெஸ் என்றால் வந்தாயிற்று என்று பொருள்.

இந்தச் சிக்கல் ஆங்கிலத்துக்கே ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. அதற்காக நான்கு சொற்கள் வைத்திருந்தார்கள். நேரான கேள்விக்கு யே, நே. எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ. பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேல், நே வரவேண்டிய இடத்தில் நோ போட்டுவிட்டார் என்று தாமஸ் மோர் 1532இல் அவரைக் காய்ச்சியிருக்கிறார். அதன் பிறகு ஆங்கிலம் அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது. பிரெஞ்சில் இன்னும் இருக்கிறது: சாதாரணமாக ‘உயி’, எதிர்மறைக் கேள்வியை மறுத்துச் சொல்ல ‘சி’. ஸ்வீடன்காரர்களுக்கு ‘யோ’. ஜெர்மனில் ‘டொக்’ என்று அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. அதாவது என் பையர் வீட்டில் அந்தச் சொல்லைத் தினமும் புழங்குகிறவர். எனக்குத்தான் ஒற்றை யெஸ்!

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

அதற்கு முதல் பாடம் எனக்கு ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் கிடைத்தது. அப்போது அது பாடம் என்று தெரியாது. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒரு கறவை மாடு வாங்கப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். கர்நாடகம், ஆந்திரா, கேரளா என்று மூன்று பக்கத்திலிருந்தும் வியாபாரிகள் வருகிற சந்தை. துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் விலை பேசுவார்கள், வெளியே ஒரு எண்கூடக் காதில் விழாது. ஆனால் பேரம் படிகிற நேரத்தில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் தப்பி வந்துவிடும். ஒருவர் ‘ஹௌது ஹௌது’ என்றார். ஒருவர் ‘அவுனு’. பாலக்காட்டுப் பக்கத்து ஆள் ‘அதே, அதே’. இதெல்லாம் என்ன அப்புச்சி என்று கேட்டேன்.

“எல்லாம் நம்ம ஆமாந்தான் கண்ணு. ஊருக்கு ஊரு வாய் வேற” என்றார்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர் சொன்னது முக்கால்வாசி மொழியியல். நம் ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். ‘ஆகு’ என்ற வினைதான் அடி. அதை இரட்டித்தால் ஆமாம். தெலுங்கின் ‘அவுனு’ம் ‘அவு’ என்ற அதே ஆகும் வினையிலிருந்து வந்தது. கன்னடத்தின் ‘ஹௌது’ பழைய ‘அஹுது’, அதுவும் ஆகும்தான். மூன்று மொழிக்காரர்களும் ‘அது அப்படி ஆகும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் கன்னடக்காரர்கள் வேலையை ஒத்துக்கொள்ளும்போது ‘ஆய்து’ என்பார்கள். நம் ‘ஆயிற்று’தான் அது. இங்கே ‘ஆச்சுங்க’ என்கிறோம். மலையாளத்தின் ‘அதே’ மட்டும் வேறு வழியில் வந்தது: ‘அதுவே’, அதாவது நீ சொன்ன அதுதான்.

யாழ்ப்பாணத்தில் ‘ஓம்’ என்பார்கள். முதல்முறை கேட்ட எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், அவர்களுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் சாந்தோக்கிய உபநிடதமும் ஓம் என்பதை இசைவு சொல்லும் எழுத்து என்கிறது. ஒருவன் எதற்காவது இசையும்போது ஓம் என்றே சொல்கிறான் என்கிறது. அதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். ஒலி ஒன்றாக இருக்கிறது என்று சொல்லவந்தேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்குப் போனாலும் கதை ரொம்ப மாறவில்லை. லத்தீனில் ஆமாம் என்பதற்கென்று தனியாக நிலைத்த ஒரு சொல் கிடையாது. ‘சிக்’ (அப்படி), ‘இத்தா’ (அவ்வாறே) என்று சமாளிப்பார்கள், இல்லையென்றால் கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். அந்த ‘சிக்’தான் ஸ்பானிஷிலும் இத்தாலியிலும் ‘ஸி’ ஆனது. தெற்கு பிரான்சில் ‘இது’ என்று பொருள்படும் ‘ஹோக்’ என்ற சொல் ‘ஒக்’ ஆனது. அங்கே ஒரு வட்டாரத்துக்கே லாங்டொக், அதாவது ‘ஒக் மொழி’ என்று பேர். வடக்கில் ‘ஹோக்’கோடு ‘அவன்’ என்பதற்கான ‘இல்லே’யும் ஒட்டிக்கொண்டு ‘ஒயில்’ ஆகி, தேய்ந்து இன்றைய ‘உயி’ ஆகிவிட்டது. முதலில் ‘இதை நான்’, ‘இதை நீ’, ‘இதை அவன்’ என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர்கள், போகப்போக எல்லாவற்றுக்கும் ‘இதை அவன்’ என்றே வைத்துக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, ஒக் என்பவர்கள், ஒயில் என்பவர்கள், ஸி என்பவர்கள் என்று ஆமாம் சொல்லும் விதத்தை வைத்தே மொழிகளைப் பிரித்தார். கருங்கல்பாளையத்தில் நின்றால் யாருக்கும் அந்த யோசனை வந்திருக்கும்.

ஹீப்ருவின் ‘கென்’னும் போலந்தின் ‘தாக்’கும் ‘அப்படி’ என்ற பொருளில் வந்தவை. துருக்கியில் ஒன்றுக்கு ஒத்துக்கொள்ள ‘ஒலுர்’ என்பார்கள், நேர்ப்பொருள் ‘ஆகும்’. யெஸ்ஸேகூட, ‘அப்படியே ஆகட்டும்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சேர்க்கையிலிருந்து வந்தது என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் சொல்வதும் ‘ஆகட்டுங்க’தான்.

எல்லா மொழியிலும் அப்படி ஒரு சொல் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஐரிஷ் மொழியில் கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன், பார்த்தாயா என்றால் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வெல்ஷும் பெரும்பாலும் அப்படி. சீன மொழியிலும் வினையைத் திருப்பிச் சொல்வதுதான் இயல்பு. இதைப் படித்து ஆச்சரியப்படுகிறவர்கள் நாளை ஒருநாள் தங்கள் வாயையே கவனித்துப் பாருங்கள். ‘சாப்பிட்டாச்சா?’ ‘ஆச்சுங்க.’ ‘வர்றீங்களா?’ ‘வர்றனுங்க.’ ‘தண்ணி வந்துச்சா?’ ‘வந்துச்சுங்க.’ ஆமாம் என்பதை நாம் அவ்வளவாகத் தேடுவதே இல்லை.

இதில் நம் இலக்கணக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நன்னூல் எட்டு வகை விடை சொல்கிறது, பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க அதை எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் நான் அதை மறுக்கப் போவதில்லை. அந்த எட்டையும் படித்தால் மனுசன் கொங்குத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது மாதிரியேதான் இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் “நாளைக்கு டிராக்டரைக் கொடுக்கறீங்களா?” என்று கேட்கிறீர்கள். “கொடுக்கறனுங்க” என்றால் நேர் விடை. “முடியாதுங்க” என்றால் மறை விடை, ஆனால் இந்த ஊரில் அதை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். “உங்களுக்குக் கொடுக்காம வேற யாருக்குங்க கொடுக்கப் போறேன்?” இது வினா எதிர் வினாதல், ஆமாம் என்று பொருள். “நேத்துத்தானுங்க டயரு போச்சு” என்றால் உற்றது உரைத்தல், இல்லை என்று பொருள். “மழை வர்ற மாதிரி இருக்குது, சேத்துல மாட்டிக்குமே” என்றால் உறுவது கூறல், இதுவும் இல்லைதான். “மோட்டார் வேணும்னா எடுத்துட்டுப் போங்க” என்றால் இனமொழி. வாடகை வண்டி நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றால் ஏவல். அதோ நிற்கிறது என்று வண்டியைக் காட்டினால் சுட்டு. நேர், மறை, சுட்டு மூன்றும் போக, மற்ற ஐந்தும் நேராகச் சொல்லாமல் குறிப்பால் சொல்பவை. எட்டில் ஐந்து! ‘பாக்கலாமுங்க’ என்பதை மட்டும் பவணந்தி எங்கே வைத்திருப்பார் என்று புரியவில்லை. என் மாமனார் அதைச் சொன்னால் இல்லை என்றுதான் அர்த்தம். பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட மாறியதில்லை.

இசைவு விடைக்கு அவர் ‘நேர்’ என்ற சொல்லைப் போட்டிருப்பதும் சும்மா இல்லை. நேர்தல் என்றால் உடன்படுதல். பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் இறங்குவதாக நேர்ந்துகொள்கிறோமே, அந்த நேர்தல்தான். அதைத் தீர்க்காமல் விட்டால் நேர்த்திக்கடன் பாக்கி. சாமி நமக்குச் சொல்லும் சம்மதத்துக்குச் சொல்லே கிடையாது. கிடாய்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு ஊரே காத்திருக்கும். அது உடம்பை ஒரு உதறு உதறினால் உத்தரவு கிடைத்தாயிற்று.

யெஸ் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ‘இது உங்க வண்டியா?’ என்றால் ஆமாம். ‘வண்டியைத் தள்ளி நிறுத்து’ என்றால் சரி. இரண்டாவதற்கு ஆமாம் என்று சொல்லிப் பாருங்கள், அடி விழும். சொன்ன சேதி உண்மை என்பது ஆமாம், சொன்ன வேலையைச் செய்கிறேன் என்பது சரி. சரி என்றால் சமம். சரிபாதி, சரிக்குச் சரி என்கிறோமே, தராசில் இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்பது மாதிரி. நான்கு தென்மொழிகளிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஒத்துக்கொள், ஒப்புக்கொள் இரண்டுக்குள்ளும் இருப்பது ஒத்திருத்தல். அது ஒப்பந்தம் வரை போகிறது. கல்யாணத்தில் இரு வீட்டாரும் உப்புச் சக்கரை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் யாரும் ‘சம்மதமா’ என்று கேட்பதில்லை.

இந்தச் சரியின் கூட ஒட்டும் ‘ங்க’ இல்லாவிட்டால் கொங்கில் பாதி சம்மதம் செல்லாது. அம்முச்சியிடம் (அம்மாவின் அம்மா) மொட்டையாக “சரி” என்றால் “என்ன கோவம் சாமி?” என்பார். தாய்லாந்தில் ஒருபடி மேலே போய்விட்டார்கள். வாக்கியத்தின் கடைசியில் மரியாதைக்குப் போடும் ‘கிராப்’ என்ற ஒட்டை ஆண்கள் தனியாகச் சொன்னாலே ஆமாம் என்று பொருள், பெண்கள் ‘கா’ என்பார்கள். நாம் வெறும் ‘ங்க’ என்று மட்டும் பதில் சொல்வது மாதிரி.

ஓக்கேவைச் சொல்லாமல் விட்டால் திருப்பூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அதன் முதலெழுத்துகளை விளையாட்டாக அச்சடித்ததுதான் அதன் பிறப்பு. மறு வருடம் அமெரிக்கத் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆட்கள் அவருடைய ஊர்ப்பெயரோடு சேர்த்து அதைப் பிரபலமாக்கினார்கள். ‘சாம்பிள் ஓக்கே ஆயிருச்சுங்களா?’ என்று இன்றைக்கும் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறோம். கவனியுங்கள், அதன் பின்னாலும் நம் ‘ஆகு’ வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ஜெர்மன் சண்டைக்குப் பிறகு நான் வெறும் யெஸ், நோ சொல்வதை நிறுத்திவிட்டேன். வினையோடு முழு வாக்கியமாக எழுதுகிறேன்: ‘கட்டிங் ஆரம்பிக்கவில்லை’, ‘கார்ட்டன் கிளம்பிவிட்டது’. பையர்களுக்கு நான் ஐரிஷ்காரன் மாதிரி தெரிகிறேனோ என்னவோ. ஆனால் வீட்டிலும் ஆபீசிலும் பழக்கம் போகவில்லை. போன வாரம் டீக்கடைப் பையன் கிளாஸோடு வந்து, “அண்ணா, டீ வேண்டாங்களா?” என்றான். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே “ஆமா” என்றேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால், கிளாஸைப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறான்.

“வேணுங்களா, வேண்டாங்களா?”