டியூப் இறங்கலைன்னா? அவசர சிகிச்சை டாக்டர் பதில்கள்

ஹவுஸ் சர்ஜன்: மேடம், மூணு தடவை பார்த்தும் மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் இறங்கலை. நாலாவது தடவை முயற்சி பண்ணலாமா?

வேண்டாம் தம்பி. ஒவ்வொரு தடவை லாரிங்கோஸ்கோப் (நாக்கை ஒதுக்கித் தொண்டையைப் பார்க்கற கருவி) பிளேடு போகும்போதும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும். முதல்ல தெரிஞ்ச குரல்நாண் அப்புறம் தெரியாது. சிக்கலான மூச்சுப்பாதைக்கு வழிமுறை வகுக்கற பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015ல சொன்ன கணக்கும் மூணுதான். நாலாவது, உங்களைவிடக் கைதேர்ந்தவருக்கு. ரெண்டாவது தடவைக்கு முன்னாடியே எதையாவது மாத்தியிருக்கணும்: பிளேடு, பூஜி (டியூபுக்கு வழிகாட்டற மெல்லிய, வளையற குச்சி), தலை வெச்ச விதம். பருத்த உடம்புன்னா தோளுக்கும் தலைக்கும் அடியில போர்வையை மடிச்சு வெச்சு, காதும் நெஞ்செலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்துல வருதான்னு பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க.

ஸ்டாஃப் நர்ஸ்: ஆம்பு பேக்கை (மாஸ்க் வழியா கையால மூச்சு குடுக்கற பை) அழுத்தினா கன்னத்தோரமா காத்து போயிடுது.

ஒருத்தர் ரெண்டு கையாலயும் மாஸ்க்கைப் பிடிங்க, இன்னொருத்தர் பேக்கை அழுத்தட்டும். மாஸ்க்கை முகத்துல அமுக்காம, தாடையை மாஸ்க்குக்குள்ள தூக்குங்க. பல்செட் இறுக்கமா இருந்தா இப்போதைக்குக் கழட்டாதீங்க, கன்னம் குழி விழுந்திடும். டியூப் போடும்போது கழட்டிக்கலாம். பதட்டத்துல வேகவேகமா அழுத்தினா வயிறு ஊதி வாந்தி மேலே வரும். சிபிஆர்ல (இதயம் நின்னவருக்கு நெஞ்சை அழுத்தறது) 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு; டியூப் போட்டபிறகு நிமிஷத்துக்குப் பத்து போதும்.

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்: ஐ-ஜெல் (குரல்வளைக்கு மேலேயே உக்கார்ற மூச்சுக் கருவி) போட்டுக் கொண்டுவந்தா, டியூப் போடலையான்னு கேக்கறாங்க.

கேட்டா கேக்கட்டும். 2018ல வெளியான ஏர்வேஸ்-2 ஆய்வு, ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்ன 9,000 பேருக்கு மேல பார்த்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போதோ, ஆஸ்பத்திரியிலேயே இருந்தா 30 நாள் கழிச்சோ நல்லபடியா இருந்தவங்க கணக்குல டியூபுக்கும் ஐ-ஜெல்லுக்கும் சொல்லிக்கற வித்தியாசம் இல்லை.

பி.ஜி. மாணவி: சிபிஆர் நடக்கும்போது கேப்னோ (வெளிவிடற மூச்சுல கார்பன் டை ஆக்சைடை அளக்கற மானிட்டர்) காட்டாதுங்கறாங்களே?

காட்டும். திரையில வர்ற கோட்டோட மலை சின்னதாத் தெரியும், அவ்வளவுதான். கோடு படுத்தே கிடந்தா டியூப் உணவுக்குழாய்ல இருக்குன்னு எடுத்துக்கிட்டு உருவுங்க. டியூப்ல பனி படிஞ்சதை நம்பி ஏமாந்தவ நான்.

அதே ஹவுஸ் சர்ஜன்: டியூப், ஐ-ஜெல், மாஸ்க் எதுலயும் காத்து போகலைன்னா?

கழுத்தைக் கீறி வழி திறக்கறதுதான். பெரியவங்கன்னா 10ஆம் நம்பர் கத்தி பிளேடு, பூஜி, 6 சைஸ் கஃப் (நுனியில ஊதற பலூன்) டியூப். குரல்வளை மேட்டுக்குக் கீழே விரல் இறங்குற பள்ளம்தான் இடம்; கொழுப்புல தட்டுப்படலைன்னா நடுக்கோட்டுல நெடுக்கக் கீறித் தேடணும்.

இதுல கஷ்டமே முடிவெடுக்கறதுதான். 2005ல இங்கிலாந்துல எலெய்ன் ப்ரோமிலி சைனஸ் ஆபரேஷனுக்குப் போனவர். மயக்கம் குடுத்ததும் காத்துப்பாதை கைவிட்டது. சுத்தி நின்னவங்க அனுபவசாலிங்க; டிரக்கியாஸ்டமி (கழுத்துல மூச்சுத்துளை போடற) செட்டை ஒரு நர்ஸ் எடுத்தும் வந்துட்டார். டியூபிலேயே கண்ணா இருந்ததுல நேரம் போனது தெரியலை, கழுத்துல கத்தி வைக்கவே இல்லை. சில நாள்ல இறந்துட்டார். அதனால என் ரூம்ல ஒருத்தர் வேலையே சாச்சுரேஷனையும் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) எத்தனையாவது முயற்சின்னும் சத்தமா சொல்றது.

அதே ஹவுஸ் சர்ஜன்: கழுத்தைக் கீறறதை எதுல பழகறது மேடம்?

ஆட்டுக் குரல்வளையில. கறிக்கடையில முன்கூட்டியே சொல்லி வைங்க தம்பி, இல்லைன்னா கழிவோட போயிடும்.